கிளிப்பு எந்தப் பக்கம்

கடைக்காரம்மா மூன்று உருப்படிகளை மேஜைமேல் பரப்பிவிட்டு, பொறுமையாகப் பாருங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். பொறுமையாகவாம். தணிகைவேல் பார்த்தான். கண்தான் பார்த்தது, கை ஒன்றையும் தொடவில்லை. அட, என்ன கூத்து இது! பதினோரு வருஷம் சர்வீஸ் போட்ட ஆள், ஆரணிப் பக்கம் அவன் ஊரில் போய் மிலிட்டரிக்காரர் வீடு எது என்று கேட்டால் தெருவே கை காட்டும், அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு பை வாங்க வந்த இடத்தில் விரல் சில்லிட்டுப்போகிறது. பைதானே. குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கு மேலே மாட்டிக்கொள்கிற பை. தோட்டா போட்ட மேகசின் நாலு, தண்ணி பாட்டில், வாக்கிடாக்கி, காயத்தில் வைத்து அழுத்துகிற பஞ்சுக்கட்டு, இதையெல்லாம் உடம்போடு ஒட்டிவைக்க நாலு பட்டையும் ஆறு அறையும் உள்ள துணிச் சமாச்சாரம். மணி பத்தேகால். பதினொன்றுக்கு வண்டி. எதிரே தெரிகிற கேம்ப் வாசலிலிருந்து மலைமேல் இருக்கிற போஸ்டுக்கு. நாளைக் காலையிலிருந்து ரோடு திறக்கிற டியூட்டி. திறப்பதற்கு ரோட்டுக்கு என்ன கதவா இருக்கிறது? லாரிகள் வருவதற்கு முன்னால் ரெண்டு ரெண்டு பேராக நடந்துபோய், எவனாவது மண்ணுக்குள் எதையாவது புதைத்திருக்கிறானா, மரத்துக்குப் பின்னால் குந்தியிருக்கிறானா என்று பார்க்கவேண்டும். இருந்தால் முதல் அடி யாருக்கு என்று சொல்லவேண்டியதில்லை. எட்டு மாசமாக ரேஷன் ஸ்டோரில் அரிசி மூட்டைக்குக் காவல் இருந்தான், நிம்மதியாக இருந்தான், அதற்கு நேற்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். வளர்மதிக்குச் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை புருஷன் இன்னும் பருப்பில் வண்டு வராமல் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறான்.

ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே வந்திருந்தான், அளவு சரியாகத் தெரியவேண்டும் என்று. பதினொரு கிலோ. உங்களுக்கும் ஜாக்கெட்டா என்று கல்யாணமான புதிதில் வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன்னால் ஒரு தகடு, பின்னால் ஒரு தகடு, விலாவுக்கு ரெண்டு சின்னத் தகடு. அக்குளுக்குக் கீழே ஒரு சாண் இடம் மட்டும் வெறும் துணி. கையைத் தூக்கவேண்டுமே, அங்கே தகடு வைக்க முடியாது. அந்த ஒரு சாண். நினைக்காதே. நினைக்காதே என்று சொன்னவுடனே நினைப்பு அங்கேயே போய்க் குந்திக்கொள்கிறது, அதை என்ன செய்ய? படையில் கொடுத்த பை பழைய மெலிசு ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தது, இந்தப் புது ஜாக்கெட்டுக்கு மேலே பட்டை எட்டமாட்டேன் என்கிறது. உன் சொந்தப் பை ஒன்று இருந்ததே, அது எங்கே என்று காலையில் குஜூர் கேட்டான். எலி கடிச்சிடுச்சு என்றான் தணிகை. பொய். மெஸ் அடுப்பில் திணித்துவிட்டான், எட்டு மாசத்துக்கு முன்னால். நைலான் எரிந்த நாற்றத்துக்கு சமையல்காரன் ரெண்டு நாள் யார் யார் அம்மாவையோ இழுத்துத் திட்டினான். குஜூர் இப்போது வாசல்படியில் நின்று வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருக்கிறான். ராஞ்சிப் பக்கத்து ஆள், தணிகை வயசுதான், அதிகம் பேசமாட்டான். நேற்றிலிருந்து அவன்தான் தணிகைக்கு ஜோடி. படையில் ரெண்டு பேரை இப்படி முடிச்சுப் போட்டுவிடுவார்கள், ஒருவனுக்கு அடிபட்டால் மற்றவன் பொறுப்பு. கூட்டாளி என்பதற்கு இங்கிலீஷ்காரன் சொல்கிற வார்த்தை எல்லார் வாயிலும் பட்டி என்று ஆகிவிட்டது. நம்ம ஊர்ல ஆட்டை அடைக்கிற இடம் மாப்ள, பேரைச் சரியாத்தான் வச்சிருக்காய்ங்க என்பான் சேவுகன். சேவுகன் என்பவன் போன ஜோடி.

முதல் உருப்படியைத் தூக்கினான். நெஞ்சில் தொங்குகிற மாதிரி. நாலு மேகசினும் நேர் முன்னால், கைக்கு வாகாக எடுக்கலாம். ஆனால் குண்டு வருகிறது, குப்புறப் படுக்கவேண்டும், அப்போது? நாலு மேகசின் கனத்துக்கு உடம்பு தரையை விட்டு எழும்பி நிற்கும். நாலு விரல் உயரம். அந்த நாலு விரலில் எத்தனை குண்டு போகும்? ரெண்டாவது, கைவைக்காத சட்டை மாதிரி, முன்னால் ஜிப்பு. பார்க்க லட்சணமாக இருக்கிறது, போட்டோ பிடித்து அனுப்பினால் ஊரில் மெச்சுவார்கள். ஜிப்பில் மண் ஏறினால்? ரத்தம் ஏறினால் ஜிப்பு நகருமா? அதை யாராவது நகர்த்திப் பார்த்திருக்கிறார்களா? மூன்றாவது பையே இல்லை, தனித்தனி அறைகள், ஜாக்கெட்டில் இருக்கிற பட்டையிலேயே கோத்துக்கொள்ளவேண்டும். இது தேவலாம், மேலே இன்னொரு சுமை கிடையாது, ஜாக்கெட்டைக் கழட்டினால் எல்லாம் ஒரே உருப்படியாகக் கையோடு வந்துவிடும். ஆனால் அத்தனை கனத்தோடு படுத்திருக்கிறவன் தலைவழியாக அதை எப்படி உருவுவது? இடுப்பில் பெல்ட் மாதிரி ஒன்று உண்டே, அது? அது நடக்கும்போது தொடையில் இடிக்கும், ஓடும்போது இறங்கும். ஓடுவது யார்? அதை அப்புறம் பார்க்கலாம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. போட்டுப் பாருங்க பாய் என்றாள் கடைக்காரம்மா, மெஷினை நிறுத்தாமல். கழட்டறது எப்படி என்று கேட்டான். அவள் மெஷினை நிறுத்தினாள். பன்னண்டு வருஷமா இந்தக் கடை வச்சிருக்கேன், எல்லாரும் மாட்டறது எப்படின்னுதான் கேப்பாங்க என்றாள். தணிகை பல்லைக் காட்டினான். சிரிப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கவேண்டும்.

மாட்டிக்கொள்வதில் என்ன இருக்கிறது? மாட்டும்போது கை நடுங்காது, வெளிச்சம் இருக்கும், டீ குடித்திருப்போம். கழட்டுவதுதான். அதுவும் நாமே கழட்டிக்கொள்வது இல்லை, இன்னொருத்தன் நமக்குக் கழட்டுவது. படுத்துக்கிடப்போம், வாய் பேசுமோ பேசாதோ, அவன் காதில் விழுமோ விழாதோ. பேசினாலும் என்ன பாஷையில் பேசுவோம்? உசிர் போகிறபோது இந்தி வருமா? சேவுகனுக்கு ஆயுசு முழுக்க இந்தி தகராறுதான். பயிற்சி சேர்ந்த ரெண்டாம் மாசம், எழுத்துப் பரீட்சை முடிந்த மறுநாள், வாத்தியார் வந்து பிட்டு உட்டாவோ என்று கத்தினார். முதுகுச் சுமையை எடு என்று அர்த்தம். சேவுகன் முகம் வெளுத்துப்போய் ரெண்டு பேன்ட் பையையும் வெளியே இழுத்துக் காட்டி, சார், சத்தியமா நான் பிட்டு அடிக்கல சார், எனக்கு முன்னாடி உக்காந்தவன்தான் என்று தமிழில் அழுதான். முன்னாடி உட்கார்ந்தவன் தணிகை. ரெண்டு பேரும் மைதானத்தைச் சுற்றி எட்டு ரவுண்டு ஓடினார்கள், ஓடிக்கொண்டே சிரித்தார்கள், சிங்கம்புணரிக்காரன் சகவாசம் ஏழரை நாட்டுச் சனி என்று தணிகை மூச்சிரைக்கச் சொன்னான். ஏழரை இல்லை, பத்து வருஷம் கூடவே இருந்தான். சிரிப்பு வருகிறது இப்போதும். வந்த வேகத்தில் நின்றும்விடுகிறது. மணி பத்தரை. குஜூர் கடலைத்தோலைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைக்கிறான், சுத்தக்காரன்.

சேவுகனும் தணிகையும் ஒரே மாதிரி பைதான் வைத்திருந்தார்கள், ஒரே நாளில் வாங்கியது. நெஞ்சுப்பை, முதுகில் பட்டை, விலாவில் ஒரே ஒரு கிளிப்பு. அதை அழுத்தினால் பை முழுக்கக் கழன்று விழும், விழுந்தபிறகுதான் ஜாக்கெட்டைத் திறந்து காயத்துக்குப் போகமுடியும். தணிகை தன் கிளிப்பை மாற்றித் தைத்து இடது விலாவில் வைத்துக்கொண்டான். அவன் பிறவியில் இடதுகைக்காரன். துப்பாக்கியை வலது தோளில் வைக்கப் பயிற்சியில் திட்டித் திட்டிப் பழக்கினார்கள், கையெழுத்தைப் பள்ளிக்கூடத்தில் பிரம்பால் பழக்கினார்கள், சோறு மட்டும் யாராலும் முடியவில்லை. நம்மில் சாப்பிடுகிற கைக்குச் சோத்தாங்கை என்று பெயர், மற்றதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். அவன் அந்த மற்றதால்தான் சாப்பிட்டான். கல்யாணப் பந்தியில் இடது கோடியில்தான் இவனுக்கு இலை போடவேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஆளின் முழங்கையோடு சண்டை. சேவுகன் விடுவானா? மெஸ்ஸில் தினமும் பாட்டுத்தான். இவனுக்குச் சோத்தாங்கையே பீச்சாங்கைதான்டா, இவன் குடுத்தா பிரசாதம்கூட வாங்காதீங்கடா. தணிகையும் விடமாட்டான். என் சோத்தாங்கை இதான்டா, உனக்கென்னடா. அப்படிப் பேசிப் பேசி அந்த வார்த்தைக்கு அவன் தலைக்குள் இடது என்றே அர்த்தமாகிவிட்டது.

எட்டு மாசத்துக்கு முன்னால், அன்றைக்கு ஒன்பது மணி வெயில். பாலத்துக்கு இருநூறு அடி முன்னால். ஒரே ஒரு சத்தம், பிறகு நிறையச் சத்தம், சேவுகன் மல்லாக்க விழுந்தான். தணிகை தவழ்ந்து போனான். சேவுகன் வலது கையைத் தூக்கிச் சுட்டுக்கொண்டிருந்தபோது குண்டு அந்த ஒரு சாண் துணி வழியாக உள்ளே போயிருக்கிறது. கழட்டுடா, கழட்டுடா, மூச்சு முட்டுதுடா என்றான் சேவுகன். எங்கடா கிளிப்பு? சோத்தாங்கைப் பக்கம்டா. தணிகையின் கை இடது விலாவுக்குப் போனது. துணி. இன்னும் கீழே, துணி. இன்னும் பின்னால், பட்டை, பட்டை மட்டும். காணோம்டா. சோத்தாங்கைப் பக்கம்டா மாப்ள, சோத்தாங்கைப் பக்கம். அங்கதான்டா தேடறேன்! கத்தினான், சேவுகனைப் பார்த்தே கத்தினான், அவன் கடைசியாகக் கேட்ட குரல் அந்த எரிச்சல் குரல்தான். இழுத்தான், பிய்த்தான், கத்தியை எடுத்துப் பட்டையை அறுக்க ஆரம்பித்தான், நைலான் பட்டை லேசில் அறுகிறதா? அறுத்து முடித்தபோது சேவுகன் சொல்வதை நிறுத்தியிருந்தான். கிளிப்பு வலது விலாவில், ரத்தத்துக்கு அடியில், போட்டபடி பூட்டியே இருந்தது. சீக்கிரம் திறந்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டான் என்றார் டாக்டர். டாக்டர் எல்லாரிடமும் அதைத்தான் சொல்வார். ரெண்டு நிமிஷம் இருக்குமா? மூன்றா? ராத்திரி பகல் என்றில்லை, அரிசி மூட்டையை எண்ணும்போதுகூட அந்த நிமிஷங்கள் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். அவன் வலது என்று சொல்லியிருக்கலாம். ரைட்டு என்று சொல்லியிருக்கலாம். எதற்கு அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைச் சொன்னான்? தமிழ்க்காரன் தமிழ்க்காரனுக்குச் சொன்னான், வேறு எதற்கு. வார்த்தைதான் காரணம், நானில்லை. எட்டு மாசமாகத் தணிகை பிடித்துக்கொண்டு தொங்குகிற கொப்பு இதுதான். காரியத்துக்கு சிங்கம்புணரி போனபோது சேவுகன் அக்கா இவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் நீங்கதான தம்பி கூட இருந்தீக, நீங்க நல்லா இருக்கணும் என்றது. இலை போட்டார்கள். வலது கையால் பிசைந்து சாப்பிட்டான். அன்றிலிருந்து வலது கையால்தான் சாப்பிடுகிறான், பாதிச் சோறு சட்டையில் விழுகிறது, ஒருத்தரிடமும் ஏன் என்று சொன்னதில்லை.

தணிகை பாய், நேரமாச்சு என்றான் குஜூர். முதல் உருப்படியை எடுத்து ஜாக்கெட்டுக்குமேல் மாட்டிக்கொண்டான் தணிகை. கிளிப்பு விலாவில் இல்லை, நட்டநடு நெஞ்சில், பெரிசாக. குப்புறப் படுத்தால் அழுந்தும், அழுந்தட்டும். பிறகு அவன் செய்த காரியத்தைப் பார்த்துக் கடைக்காரம்மா எழுந்தே நின்றுவிட்டாள். நூல் துண்டும் வெட்டிப்போட்ட துணியும் கிடந்த தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டான். குஜூர், எனக்கு அடிபட்டிருச்சு, கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டு. அரே, கடைக்குள்ளயா? கழட்டுன்னு சொல்றேன்! குரல் கிரீச்சிட்டது, வெளியே போன சைக்கிள்காரன் எட்டிப் பார்த்தான். குஜூர் பக்கத்தில் மண்டியிட்டுக் கண்ணை மூடினான். கடலை வாசம் அடிக்கிற கை நெஞ்சில் விழுந்தது, தடவியது, அழுத்தியது, டக். நாலு எண்ணுவதற்குள். இன்னொரு தடவை. மூன்று. இன்னொரு தடவை. மூன்று. கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கிடந்த தணிகைக்கு எட்டு மாசத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்வந்தது. போதும். இதே போதும். நமக்கு ஒன்றும் ஆகாது என்றில்லை, ஆனால் ஆள் திறந்துவிடுவான். எழுந்து தூசியைத் தட்டினான். சரி, கிளம்பலாம்.

இரு, இப்ப நான் என்றான் குஜூர். என்ன நீ? நான் படுக்கறேன், நீ கழட்டு, என்னுதும் தெரியணுமில்ல? சொல்லிக்கொண்டே படுத்தும்விட்டான், தன் ஜாக்கெட்டோடு, தன் பழைய பையோடு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான் தணிகை. வேண்டாம் என்பதற்கு என்ன காரணம் சொல்வது? மண்டியிட்டான். குஜூர் விளையாட்டுக்கு நாக்கைத் தொங்கப்போட்டு முனகினான். முனகாதே என்றான் தணிகை. கண்ணை மூடு என்றான் குஜூர். மூடினான். மூடியதும் வெயில் வந்துவிட்டது, கடைக்குள் ஒன்பது மணி வெயில், காதில் குய்ங் என்று ஒரே சத்தம், கை தானாகப் போனது. துணி. இன்னும் கீழே. துணி. பட்டை. இன்னும் பின்னால். காணோம், காணோமே. பாய், பாய் என்று யாரோ கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்தான். அவன் இடது கை குஜூரின் இடது விலாவைப் பிராண்டிக்கொண்டிருந்தது. கிளிப்பு வலதில். குஜூர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. சோத்தாங்கை என்று சொல்லவில்லை, எந்தப் பக்கம் என்றும் சொல்லவில்லை. வார்த்தையே இல்லாமல் கை அங்கேதான் போயிருக்கிறது. பிடித்துத் தொங்கிய கொப்பு முறிந்தது. ஐயோ, சேவுகா. வாய்விட்டே சொல்லிவிட்டான்.

குஜூர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். யாரு அது என்று கேட்டான். தணிகை சொன்னான். கடைக்காரம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதையும் பார்க்காமல், தனக்குத் தெரிந்த இந்தியில், பாதி தமிழில், பாலம், கிளிப்பு, அங்கதான்டா தேடறேன் என்று கத்தியது, பூட்டியே இருந்தது, எல்லாம். வார்த்தையால வந்த தப்புன்னு நெனச்சிருந்தேன். இல்ல. என் கையே அப்படித்தான். நீ வேற ஆளைக் கேட்டு வாங்கிக்க குஜூர். எனக்கு அடிபடும்னு பயந்தா எட்டு மாசம் மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சேன்? இல்லப்பா, உனக்கு அடிபடும்னு பயமா இருக்கு. வெளியே வண்டி ஹார்ன் அடித்தது, ஒரு தடவை நீளமாக.

குஜூர் தன் பையைக் கழட்டிக் கடைக்காரம்மா முன்னால் வைத்தான். இந்தக் கிளிப்பைப் பிரிச்சு இடது பக்கம் வச்சுத் தைங்க என்றான்.

"இடது பக்கம் மேகசின் எடுக்கிற பக்கமாச்சே. உங்க கையைத் தடுக்கும்."

"தடுக்கட்டும்."

"இடைஞ்சலா இருக்கும் பாய், நான் சொல்றதைக் கேளுங்க."

"அவன் கை அங்கதான் போகும்" என்றான் குஜூர். "தைங்க."

தணிகை வேண்டாம் என்றான். ரெண்டு தடவை சொன்னான். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, யார் காதில் விழும்? ஊசி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வரிசை, மேலே இன்னொரு வரிசை, குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல். இனி அது பிரியாது. இதுவரை இருந்ததெல்லாம் என்ன பயம், இதுதான் பயம். ஒருத்தன் தன் உசிரைக் கொண்டுவந்து இவன் கை தப்பாகப் போகிற இடத்திலேயே வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டான். நாளைக்கு அந்த ரோட்டில் ஏதாவது ஆனால் வார்த்தைமேலே பழி போடமுடியாது, கைமேலேயும் போடமுடியாது. ஹார்ன் மறுபடி அடித்தது. குஜூர் பையை வாங்கி மாட்டிக்கொண்டு, இடது கையைத் தூக்கி நின்று, தேடு என்றான். தணிகை கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். இருந்தது. அழுத்தாமல், பிடித்த பிடியை விடாமல் நின்றான். வண்டி போயிடும், விடு பாய் என்று குஜூர் சொல்லியும் விடவில்லை.